அன்றைக்கு வந்தது கேஸ் இல்லை

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பின்புறம், முழங்கால் சேறும் கோரைப் புல்லும் கிடந்த இடத்தில் செங்கல் உடைசலைக் கொட்டி மேடாக்கி, அடிபட்ட கன்டெய்னர்களைத் தட்டி நிமிர்த்தும் யார்டு போட்டவன் நான். எடுத்துக் கொடுக்க அப்பன் சொத்து இல்லை. படிப்பு ஐந்தாவதோடு நின்றது. ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு நடந்து போய் மூட்டை சுமந்த தோள்தான் என் முதல். எங்கள் தெருவுக்கு மின்கம்பம் வந்தது நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததால். மழைத் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டியது என் ஆட்கள். திருவொற்றியூரில் மாடி மேல் மாடியாக எழுப்பிய வீடு, பட்டம் வாங்கிய இரண்டு பெண்கள். சின்ன யார்டுக்காரர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முதலில் வாயைத் திறந்தவனும் நான்தான். ஒரு புயலில் கூரை மொத்தமும் பறந்து போனது. மறுநாள் வெறும் வானத்துக்குக் கீழே வெல்டிங் நடந்தது.

இவற்றை யாரும் மறுக்கவில்லை. மறுக்க முடியாது, போகிற வருகிறவர்கள் கண்ணெதிரே நிற்கிறது. நான் சொல்ல வந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. போன ஹோலி அன்று என் மச்சான் உயிரோடு திரும்பியது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. யார்டில் மேஸ்திரி அவன்தான். வேலையில் குறை சொல்ல மாட்டேன், ஒரு கன்டெய்னரைச் சுற்றி வந்தால் எந்தத் தகடு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் வாய் அதிகம். நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகும் வாய் குறையவில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று என்று மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவான். சாப்பிட்டானா என்று அக்காள் போன் போட்டுக் கேட்டால்தான் விழுங்குவான்.

வெல்டர்களில் பாதிப் பேர் காசிப் பக்கத்து ஆட்கள். எங்கள் பையன்கள் ஏசி ரூமில் உட்காரும் வேலைக்குப் போய்விட்டார்கள், இவர்கள் வந்தார்கள். நல்ல உழைப்பாளிகள். ஹோலிக்கு மதியத்தோடு வேலையை நிறுத்திவிடுவேன். பால், பாதாம், சர்க்கரை என் செலவு. அவர்களில் மூத்தவன் ஒருவன், எல்லோரும் பனாரஸ்காரன் என்றே கூப்பிடுவோம், சோம்பும் மிளகும் கசகசாவும் ரோஜா இதழும் அரைத்துப் பெரிய அண்டாவில் குளிர்ந்த பாலைக் கலக்குவான். யார்டுக்காரர்கள், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அதிலிருந்து டம்ளர் டம்ளராகப் போகும். எங்கள் சங்கச் செயலாளரான அடுத்த யார்டுக்காரரும் வருவார். படித்தவர், மைக் கிடைத்தால் விடமாட்டார்.

அன்றைக்கும் அப்படித்தான் எல்லோரும் முகத்தில் ரோஸ் பொடியோடு குடித்துக்கொண்டிருந்தோம். மச்சான் மட்டும் வெல்டிங் கேஸ் சிலிண்டர் வைக்கும் கொட்டகைப் பக்கம் போய்விட்டு வந்தான். கையில் இரண்டு டம்ளர், ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"மாமா, நமக்கெல்லாம் அண்டாவுல தண்ணிப் பாலு. ஒசத்தி சரக்கத் தூக்குல ஊத்தி மூடி உள்ள வெச்சிகினு கீறானுங்க. மேஸ்திரி நானு, எனக்கே இல்லன்றான். உடுவனா?"

எனக்கும் சர்க்கரை உண்டு. அதனால் பாதி டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன். இஞ்சியும் மிளகும் தூக்கலாக இருந்ததே தவிர வேறு ருசி எதுவும் தெரியவில்லை. மச்சான் முழுசாக இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமில்லாத பாலுக்கு இத்தனை ஒளிவா என்று நக்கல் அடித்துக்கொண்டே போய் மறுபடியும் வாங்கிக் குடித்தான். அதற்குப் பிறகும் ஒரு டம்ளர். அவனைப் பார்த்து யார்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேரும் தூக்கின் அடியை வழித்து ஊற்றிக்கொண்டார்கள். பனாரஸ்காரன் மறுக்கத்தான் செய்தான். மேஸ்திரி சொன்னால் அவன் எவ்வளவு நேரம் மறுப்பான்?

சாப்பாடு ஆகி எல்லோரும் நிழலில் சாய்ந்திருந்த நேரம். மச்சான் திடீரென்று எழுந்து நின்றான். நின்றவன் அப்படியே சுவரைப் பிடித்தான்.

"மாமா, நெஞ்சு அட்ச்சிகினே கீது. வாயெல்லாம் காஞ்சி போச்சி. என் காலு தரையில கீதா பாரு."

சொல்லி முடிக்கவில்லை, சரிந்தான். முகம் வெளுத்து வியர்வை கொட்டியது. அந்தப் பையன்கள் பக்கம் திரும்பினால் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறான், இன்னொருவன் வாந்தி எடுக்கிறான்.

ஒரே இடத்தில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மயக்கம் என்றால் வேறு ஊரில் சாப்பாட்டைச் சந்தேகப்படுவார்கள். எங்கள் பக்கம் அப்படி இல்லை. மணலியிலிருந்து சில சாயங்காலங்களில் அழுகிய முட்டை வாடை வரும், சில நாள் கண்ணில் நீர் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட ஈரத்துணியை மூக்கில் கட்டத் தெரியும். எங்கள் யார்டுக்கு மேற்கே ரோட்டைத் தாண்டினால் ஒரு ரசாயனத் தொழிற்சாலை வேறு இருக்கிறது. அதனால் செயலாளர் அண்ணாந்து மூக்கை உறிஞ்சி, "கேஸு, கேஸு உட்டுட்டான்" என்று கத்தியதும் யாரும் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. துண்டுகள் தண்ணீர் டிரம்மில் முங்கின. அண்டாப் பாலை மட்டும் குடித்தவர்களுக்கும் தொண்டை எரிந்தது. செயலாளர் கண்ணே கலங்கிவிட்டது. நான் அவரைக் கேலி செய்யவில்லை, எனக்கும் அப்போது எரிந்தது. ஆம்புலன்ஸ் வந்து மச்சானையும் பையன்களையும் ஏற்றிக்கொண்டது. செயலாளரும் கூடவே ஏறினார். மற்றவர்கள் கடற்கரைப் பக்கம் ஓடினார்கள்.

நான் ஓடவில்லை. ஓட முடியவில்லை என்பதே உண்மை. தலை லேசாகச் சுற்றியது. ஒரு கன்டெய்னர் நிழலில் உட்கார்ந்து, கேஸ் அடித்தே சாவது என்று இருந்தால் நான் மேடாக்கிய மண்ணில் சாகிறேன் என்று நினைத்தேன்.

உட்கார்ந்ததில்தான் எனக்குப் புத்தி வந்தது. யார்டைக் கூட்டிப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குப் பால் வாடையே ஆகாது, ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. யார்டு நாய் அவர் காலடியில் தூங்கியது. சுவர் மேல் காக்கை. ஹோலித் தோரணமாகக் கட்டியிருந்த கலர்த் தாள் எல்லாம் மேற்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டது. தொழிற்சாலை மேற்கே, காற்று கிழக்கிலிருந்து. அங்கே எதைத் திறந்துவிட்டிருந்தாலும் அது எங்களை விட்டு விலகித்தான் போகும்.

அப்புறம் என் நாக்கு. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கேஸ் வந்தால் எச்சில் ஊறும், இருமல் வரும். யாரும் இருமவில்லை. காக்கையைப் பார்த்தேன், எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சானைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு எனக்கு முன்பே பழக்கம்.

துறைமுகத்தில் சுமை தூக்கிய காலத்தில் மாஜூம் என்று ஒன்று கிடைக்கும். கஞ்சா இலையை நெய்யில் வதக்கி, வெல்லமும் ஏலமும் போட்டுக் கிண்டி, புளியங்கொட்டை அளவு உருட்டிப் பொட்டலம் கட்டித் தருவார்கள். இடுப்பு வலிக்கு, பசி எடுக்க, தூக்கம் வர என்று ஆளுக்கொரு காரணம் சொல்லித் தின்றோம். பீடியில் வைத்து இழுத்தால் உடனே தலைக்கு ஏறும். தின்றால் அப்படி இல்லை. தின்றவன் ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பான், இன்னொன்று போடுவான். பிறகு இரண்டும் சேர்ந்து எழுந்து உட்காரும். அன்று முழுக்க இறங்காது. வாரம் ஒரு நாள் தின்றவர்கள் தப்பித்தார்கள். தினம் தின்ற ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல உடம்புக்காரர். கடைசியில் வாரக்கணக்கில் வாந்தி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக்கொண்டால்தான் நிற்கும் என்று குளியலறையே கதியென்று கிடந்தார். கணக்கு மறந்துபோய், கூப்பிட்டால் திரும்பாமல், சுமை வேலையும் போயிற்று. அவரைப் பார்த்துத்தான் நான் விட்டேன்.

கொட்டகைக்குப் போனேன். பனாரஸ்காரன் ஓடியிருக்கவில்லை. கழுவிய தூக்கை மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வடிகட்டிய துணி, பச்சைத் திப்பியோடு. கேட்டேன். பாதாம் என்றான். துணியை எடுத்து மூக்கில் வைத்துவிட்டு அவனையே பார்த்தேன். கையைக் கூப்பிவிட்டான்.

"மொதலாளி, எங்க ஊர்ல இது சாமிப் பிரசாதம். சர்க்கார் கடையில விக்குது. நான் மேஸ்திரிக்கு வேணாம் சொன்னேன், ஹார்ட் இருக்கு வேணாம் சொன்னேன். அவர் குடு குடு சொன்னார். இப்ப போலீஸ் என்னைப் பிடிக்கும்."

அவர்கள் ஊரில் இதைப் பாங் என்கிறார்கள். கஞ்சாச் செடியின் இலையைத்தான் அரைப்பது. ஊரிலிருந்து வந்த ஒருவன் உருண்டையாகக் கொண்டுவந்தானாம், அதைத் தங்கள் ஆட்களுக்கு மட்டும் என்று தூக்கில் கலந்திருக்கிறார்கள். அங்கே லைசென்ஸ் கடை, இங்கே கஞ்சா என்ற சொல் காதில் விழுந்தாலே போலீஸ் கேஸ். அவன் பயந்ததில் தப்பில்லை. எங்கே குடித்தது, யார் கொடுத்தது என்ற பேச்சு வந்தால் அது என் யார்டு, என் பொறுப்பு, உன்னைக் காட்ட மாட்டேன் என்று சொன்னேன். எவ்வளவு போட்டாய் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்தத் தூக்கு நாலைந்து பழகிய ஆட்களுக்கு என்று கலந்தது. அதில் பாதிக்கு மேல் மச்சான் வயிற்றில்.

ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரி பக்கம்தான், நடந்தே போகிற தூரம். ஆனால் அன்று அந்த ரோடு முடியவே இல்லை. மெட்ரோ தூண் வருகிறது, போகிறது, அதே தூண் மறுபடியும் வருகிறது. டிரைவர் வேண்டுமென்றே சுற்றுகிறான் என்று சண்டைக்குப் போய்விட்டேன். அவன் கண்ணாடியில் என் ரோஸ் முகத்தைப் பார்த்து, "இன்னா நைனா, ஹோலி பலமா?" என்றான். எனக்குப் பாதி டம்ளரில் இப்படி என்றால் மச்சானுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். தொழிற்சாலையை மூடு என்று கோஷம். செயலாளர் நாலு செல்போனுக்கு முன்னால் நின்று, எந்தக் குழாயிலிருந்து கேஸ் வந்திருக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மச்சான் படுக்கையில் கண்ணைச் சுழற்றிக்கொண்டு கிடந்தான். செத்துவிட்டேன், செத்துவிட்டேன் என்று அவனே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். நெஞ்சில் ஒயர்கள். பக்கத்தில் அவன் மனைவியும் என் மனைவியும். நர்ஸ் புகை மாதிரி மருந்து வரும் மாஸ்க்கைத் தயாராக வைத்திருந்தார். கேஸ் அடித்தவர்களுக்கு மூச்சுக்குழாயை விரியவைக்கும் மருந்து அது. டாக்டரம்மா, வயது குறைவுதான், ஸ்டெதஸ்கோப்பை அவன் முதுகில் வைத்து வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறதே என்று யோசனையில் நின்றார். வேறு ஏதாவது சாப்பிட்டாரா, குடித்தாரா என்று கேட்டார். என் முன்னால் மறுபடியும் கேட்டார். அந்தக் கேள்வி சரியான கேள்வி. குடிப்பழக்கமே கிடையாது என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நான் சொன்னேன். பாலில் பாங் கலந்திருந்தது, இவன் மூன்று டம்ளர் குடித்தான், வெளியே இருக்கிற பையன்களும் குடித்தார்கள், கேஸ் எதுவும் இல்லை.

மச்சான் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாண்ணே பேசுறீங்கோ? அந்த மனுசன் உசுருக்குப் போராடிகினு கீறாரு, நீங்கோ அவர கஞ்சாக்காரன்னு பேரு கட்டுறீங்கோ. கம்பெனிக்காரன் இன்னா குட்தான் உங்களுக்கு?"

என் மனைவி பார்த்த பார்வை அதைவிட மோசம். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளரும் உள்ளே வந்து, பெரியவர் அதிர்ச்சியில் பேசுகிறார், கொஞ்சம் உட்காரவையுங்கள் என்று என் தோளில் கை வைத்தார்.

என் வயசுக்கு, இந்த ஊரில் எனக்கிருக்கும் மரியாதைக்கு, அடுத்ததைச் சொல்வது லேசான காரியம் இல்லை. எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்காருகிறவன் நான். ஆனால் மாஸ்க்கை நர்ஸ் அவன் முகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

"டாக்டரம்மா, நானும் அந்தப் பாலு தான் குட்ச்சேன். பாதி டம்ளரு. என் கண்ணப் பாரு, என் நாக்கப் பாரு. நாடியப் புட்ச்சிப் பாரு."

கையை நீட்டினேன். அவர் என் விரலில் கிளிப்பை மாட்டினார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். என் இதயமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மச்சானுடையது அளவுக்கு இல்லை. மாஸ்க்கை எடுத்துவிடச் சொன்னார். பிறகு எவ்வளவு, எப்போது, வெறும் வயிற்றிலா என்று வரிசையாகக் கேட்டார். கொட்டகையில் கேட்டு வந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தின்றது ஈரல் வழியாகப் போய்த்தான் ரத்தத்தில் சேரும், அதனால் மெதுவாக ஏறும், நெடுநேரம் நிற்கும். இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், மச்சான் விழுந்தது அதனால்தான். ஸ்டென்ட் வைத்த நெஞ்சுக்கு அந்த ஓட்டம் ஆகாது, மாரடைப்பில்கூட முடியலாம். மாஸ்க் மருந்தும் இதயத்தை விரட்டும் மருந்துதான், ஓடுகிற குதிரைக்குச் சாட்டை கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். இந்தப் போதைக்கென்று முறிவு மருந்து கிடையாது. படுக்க வைத்து, டிரிப்ஸ் ஏற்றி, பதற்றம் அடங்க ஊசி போட்டு, இதயத்தைக் கண்காணித்துக்கொண்டே காத்திருப்பதுதான் வைத்தியம். அதைத்தான் செய்தார். மறுநாள் மச்சான் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். ஒரு தட்டு போதவில்லை. அந்தப் பசிக்கும் காரணம் அதே பால்தான் என்று நான் சொன்னதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பையன்கள் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

டாக்டரம்மா கெட்டிக்காரர். நான் இல்லாவிட்டாலும் அவரே கண்டுபிடித்திருப்பார் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். எப்போது கண்டுபிடித்திருப்பார்? மாஸ்க் போட்ட பிறகா, முன்னாலா? சொல்கிறவர்கள் அதற்கு விடை சொல்லட்டும்.

போலீஸ் வந்து கேட்டது. என் யார்டில் நடந்தது, இனி நடக்காது என்று நானே நின்று பதில் சொன்னேன். பனாரஸ்காரன் இன்றும் என்னிடம்தான் வேலை பார்க்கிறான். இனி ஹோலிக்கு ஒரே அண்டா, தூக்கு கிடையாது என்று சொல்லிவிட்டேன். பிரசாதமோ மருந்தோ, அளவு தெரிந்தவன் தன் உடம்புக்கு வைத்துக்கொள்கிறது வேறு, நெஞ்சில் கம்பிவலை வைத்தவன் ருசி பார்க்கிறது வேறு. முட்டிவலிக்கு இந்தக் கஞ்சா இலை லேகியம் நல்லது என்று இப்போது எனக்குப் போனில் வீடியோ அனுப்புகிறார்கள். முதலில் உங்கள் இதய டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கு அனுப்புங்கள் என்று பதில் போடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், விஷவாயுக் கசிவின்போது துரிதமாகச் செயல்பட்டு உயிர்களைக் காப்பாற்றியதற்காகச் செயலாளருக்குச் சால்வை போர்த்தினார்கள். எது விஷவாயு? தொழிற்சாலைக்காரன் மற்ற நாட்களில் விடுகிற புகைக்கு ஆயிரம் முறை கோஷம் போடுங்கள், முதல் ஆளாக நான் வருகிறேன். அன்றைக்கு அவன் மேல் தப்பில்லை. இப்படி ஒரு தரம் பொய்யாகக் கத்திவிட்டால், நிஜமாக வருகிற அன்றைக்கு நம்மை எவன் நம்புவான்?

செயலாளர் மேல்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது அவர்தான், அதை மறைக்க மாட்டேன். என் வருத்தம் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிய என் மச்சான் மேல். இன்றைக்கும் அவன் யாரைப் பார்த்தாலும் கேஸ் அடித்துப் பிழைத்தவன் என்றுதான் சொல்லிக்கொள்கிறான். பால் என்று சொன்னால் கொட்டகையில் போய் அதட்டிக் கேட்டு வாங்கியதையும் சொல்ல வேண்டிவரும். போன வாரம் நேரடியாகவே கேட்டேன்.

"உடு மாமா. உனக்குத்தான் யார்டு கீது, வூடு கீது, சங்கம் கீது. இது ஒண்ணயாவது கேஸுன்னு இருக்க உடேன்."

விடமாட்டேன். யார்டு தகரம், வீடு செங்கல். அவை நான் இல்லாவிட்டாலும் நிற்கும், கட்டியவன் யார் என்று பத்திரம் பேசும். அன்று வார்டில் அத்தனை பேர் முன்னால் நாக்கை நீட்டிக் காட்டியதற்குப் பத்திரம் கிடையாது. எனக்குச் சால்வை வேண்டாம், பெட்டி நிறையக் கிடக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதே மைக்கில் மச்சான் ஏற வேண்டும். நான் குடித்தது பால், அடித்தது கேஸ் இல்லை, மாஸ்க்கை நிறுத்தியது என் மாமா என்று, என் பெயரைச் சொல்லி, அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். செயலாளர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அவன் ஏறவில்லை என்றால் நானே ஏறுவேன். அந்த மைக் செட்டும் நான் வாங்கிக் கொடுத்ததுதான்.